கட்டாக்காலி நாயும் காக்கிச் சட்டையும்

'எல்ல' என்றால் சிங்கள மொழியிலே நீர்வீழ்ச்சி என்று பொருள். ஊருக்குக் கீழே இராவணன் பெயரைத் தாங்கிய அருவி பாய்கிறது. தெமோதரைப் பக்கம் நடந்தால், 1921ஆம் ஆண்டிலே கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலம் தேயிலைச் சரிவுகளின் நடுவே நிற்கிறது. மேகம் விலகும் வேளையில் நாமுனுகுலை மலையும் தலைகாட்டும். இவற்றைக் காண்பதற்காக உலகத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் பிரயாணிகள் வருகிறார்கள். வருகிறவர்களை முதலில் எதிர்கொண்டு அழைப்பவை, புகையிரத நிலையத்து வாசலிலே படுத்திருக்கும் நாய்கள். சில நாய்கள் வழிகாட்டிகளைப்போல முன்னே ஓடிக் குன்றின் உச்சிவரைக்கும் துணைபோய்த் திரும்புகின்றன. கூலியாக அவை எதிர்பார்ப்பது இரண்டு பிஸ்கட்டு மாத்திரமே.

அண்மையில் ஒரு மாலை, எல்லக் கடைத்தெருவிலே தேநீர்க் கடையொன்றில் அமர்ந்திருந்தேன். வெளிநாட்டுப் பெண்ணொருத்தி ஓர் இளம் பொலிஸ்காரரிடம் முறையிட்டுக்கொண்டிருந்தாள். நடைபாதையை மறித்துப் படுத்திருந்த பெரிய நாயொன்று, தன் குழந்தையைப் பார்த்து உறுமியதாம். பொலிஸ்காரர் நாயைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு கடைக்குள்ளே வந்து ஒரு பணிஸ் வாங்கினார். அதைப் பிய்த்துத் துண்டு துண்டாகப் போட்டுக்கொண்டே நாயை அப்பால் நடத்திச் சென்றார். திரும்பி வந்து, கடைக்காரரிடம் சிங்களத்திலே, "இது யாருடைய நாய்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைக் கேட்டதும் என் கையிலிருந்த தேநீர் ஆறிப்போயிற்று. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் காக்கிச் சட்டை அணிந்த வேறொருவர் அதே கேள்வியைக் கேட்டது என் நினைவுக்கு வந்தது.

லயத்துக்கு வந்த துவக்கு

1973ஆம் ஆண்டு. எனக்கு அப்பொழுது பத்து வயது. நாமுனுகுலை மலைச்சாரலில் ஒரு தோட்டம். அதன் பெயர் இங்கே வேண்டாம். எங்கள் லயத்திலே பன்னிரண்டு காம்பராக்கள் இருந்தன. கடைசிக் காம்பராவில் குடியிருந்த குடும்பத்துக்கு இந்தியப் பிரஜாவுரிமை கிடைத்தது. 1964ஆம் ஆண்டு சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, இங்கே பிறந்து வளர்ந்த இலட்சக்கணக்கானோர் தலைமன்னாரிலே கப்பலேறி, தாம் முன்பின் கண்டறியாத 'தாய்நாட்டுக்கு'ப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அவர்களும் போனார்கள். அம்மியைக் கொடுத்துவிட்டார்கள்; ஆட்டை விற்றுவிட்டார்கள். நாயை யார் வாங்குவார்கள்? கறுப்பன் என்ற அந்த நாய், லொறிக்குப் பின்னாலே பெரிய பாலம்வரை ஓடிவிட்டு, இரவு நாக்குத் தொங்கத் திரும்பி வந்தது.

அன்றிலிருந்து அது கட்டாக்காலியாயிற்று. 'கட்டாக்காலி' என்னும் சொல்லை நாம் எத்துணை எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! கட்டுவாரில்லாத கால்நடை என்பது அதன் கருத்து. கட்டியிருந்த கையைக் கப்பலேற்றியது யார் என்று அந்தச் சொல் கேட்பதில்லை. அக்காலத்தில் தோட்டங்களில் எத்தனையோ நாய்கள் இவ்விதமே கட்டாக்காலியாயின. உணவுப் பஞ்சமும் அந்த ஆண்டிலேதான் தலைவிரித்தாடத் தொடங்கிற்று. மனிதருக்கே மரவள்ளிக்கிழங்கு அரிதாகிவிட்ட லயத்திலே, எங்கள் அப்பாயி தன் பங்கிலே ஒரு பிடியைக் கறுப்பனுக்கு வைப்பாள்.

அந்த ஆண்டின் நடுப்பகுதியில், அடுத்த டிவிசனைச் சேர்ந்த சிறுவன் ஒருவன் விசர்நாய் கடித்து இறந்தான். அவன் என்னோடு ஒரே வகுப்பிலே படித்தவன். தண்ணீரைக் கண்டு அவன் அலறியதை நான் பார்க்கவில்லை. பார்த்த பெரியவர்கள் சொல்லக் கேட்டேன். அதுவே பல இரவுகள் என் உறக்கத்தைக் கெடுக்கப் போதுமானதாயிருந்தது. தோட்டம் முழுவதையும் பயம் பிடித்துக்கொண்டது. கொழுந்து மலைக்குப் போகும் பெண்கள் கையிலே தடியோடு போனார்கள். இரண்டு வாரம் கழிந்தபின், கறுப்பன் யாரையோ பார்த்துப் பல்லைக் காட்டியதாகப் பேச்சுக் கிளம்பிற்று. துரையின் காரியாலயத்திலிருந்து செய்தி போயிற்று. ஒரு காலை, பெரட்டு முடிந்த வேளையில், பொலிஸ்காரர் ஒருவர் துவக்கோடு லயத்து வாசலுக்கு வந்து நின்றார்.

நடுவயதுக்காரர், முரடரல்லர். கறுப்பன் மதகின் கீழே படுத்திருந்தது. அவர் எங்களையெல்லாம் பார்த்து, கொச்சைத் தமிழிலே, "இது யார் நாய்?" என்று கேட்டார்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. 'எங்களுடையது' என்று சொன்னால் பதிவுச் சீட்டு எங்கே என்று கேட்பார்கள், அபராதம் என்பார்கள், துரையின் கோபத்துக்கும் ஆளாகவேண்டும். தினமும் சோறு வைத்த அப்பாயியும் நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் நின்றேன்.

முதல் வெடி காலிலே பட்டது. நாய் ஊளையிட்டுக்கொண்டு லயத்துக்குள் ஓடிற்று. சனங்கள் சிதறி ஓடினார்கள். கறுப்பன் நேரே கடைசிக் காம்பராவுக்குத்தான் ஓடியது. அங்கே அப்பொழுது வேறொரு குடும்பம் இருந்தது. அந்த வாசற்படியிலே இரண்டாவது வெடி விழுந்தது. நாயின் உடலைத் துளைத்த ஈயம் கல்லிலே பட்டுத் தெறித்துக் கதவுப் பலகையையும் துளைத்தது. கதவுக்குப் பின்னாலே ஒரு கைக்குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது என்பதைப் பிறகுதான் அறிந்தோம். குழந்தைக்கு ஒன்றும் நேரவில்லை. பொலிஸ்காரர் அந்தத் துவாரத்தை நெடுநேரம் பார்த்தார். பீலியிலே முகத்தைக் கழுவினார். ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

கறுப்பனுக்கு விசர் இருந்ததா? இன்றுவரை யாருக்கும் தெரியாது. அதன் தலையைப் பரிசோதனைக்கு அனுப்புவார் எவருமில்லை. சவுக்கு மரத்தடியிலே புதைத்துவிட்டோம்.

பயத்தின் பக்கமும் நியாயம்

இந்தக் கதையைக் கேட்டதும், "பாவம், நாய்!" என்று சொல்லி முடித்துவிடுதல் எளிது. ஆனால் என் வகுப்புத் தோழனை நான் மறக்கலாகாது. அதே 1973ஆம் ஆண்டிலே, இலங்கை முழுவதிலும் 377 பேர் விசர்நாய்க்கடியால் இறந்தார்கள். இந்த நாட்டின் பதிவுகளிலே அதுவே ஆகக்கூடிய தொகை என்பர். நோயின் குறி தோன்றியபின் பிழைத்தவர் உலகத்திலேயே மிக அரிது. கடிபட்டவன் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ நலமாகத் திரிவான். கிருமி நரம்பு வழியே மூளையை நோக்கி மெல்லப் பிரயாணம் செய்துகொண்டிருக்கும். மூளையை எட்டியபின் வைத்தியர் செய்யக்கூடியது, அவன் வேதனையைத் தணிப்பதொன்றே.

ஆகையால், துவக்கோடு வந்த அந்தப் பொலிஸ்காரரைக் கொடியவர் என்று நான் சொல்லமாட்டேன். பயந்தவர்கள் அழைத்தார்கள், அவர் வந்தார். அவர் கையிலே இருந்தது ஒரேயொரு கருவி. அவருக்குக் கற்பிக்கப்பட்டிருந்ததும் ஒரேயொரு வழி. தவறு அவரிடம் இருந்ததைக் காட்டிலும், அவரைத் தனியே அனுப்பிய ஏற்பாட்டிலேதான் அதிகமாக இருந்தது.

அந்த ஏற்பாடு பழையது. இலங்கையின் விசர்நாய்க்கடிக் கட்டளைச் சட்டம் 1893ஆம் ஆண்டிலே பிறந்தது. நோய் பரவிய இடமென்று பிரகடனம் செய்யப்பட்ட பகுதியிலே, கட்டின்றித் திரியும் நாயைப் பிடிக்கவும் கொல்லவும் அது அதிகாரம் வழங்கிற்று. 1901ஆம் ஆண்டிலே நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் வந்தது. உரியவன் ஆண்டுதோறும் நாயைப் பதியவேண்டும். பதியாத நாய் பிடிபடும். குறித்த நாளுக்குள் ஆள் வராவிட்டால் அதன் கதி முடியும். 1907ஆம் ஆண்டிலே விலங்குகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கும் கட்டளைச் சட்டமும் வந்தது. அது விதித்த உச்ச அபராதம் 100 ரூபா. அன்று அது பெருந்தொகை. இன்று எல்லவிலே ஒரு கோப்பை கோப்பிக்கும் காணாது.

சட்டத்தின் கண்ணிலே நாய்கள் இரண்டு சாதி: உரியவன் உள்ள நாய், உரியவன் இல்லாத நாய். துரையின் பங்களாவிலே கழுத்துப் பட்டியோடு திரிந்த நாய்க்குப் பெயருண்டு, சீட்டுண்டு. லயத்து நாயோ பன்னிரண்டு குடும்பத்துக்கும் பொது. பன்னிரண்டு வாசலிலும் அதற்குச் சோறு கிடைக்கும். சீட்டு மாத்திரம் கிடையாது. அதற்குச் சோறு போட்ட மனிதர்களுக்கே அந்நாளில் சீட்டுக் கிடையாது என்பதை இளைய தலைமுறை மறந்துவிடக்கூடாது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரைப் பதிவில்லாத சனங்களாக்கியிருந்தது. பதிவில்லாத மனிதன் பதிவில்லாத நாயைத் தன்னுடையதென்று சொல்ல எங்ஙனம் துணிவான்?

தலைக்கு இவ்வளவு

ஊவா மாகாணத்திலே அரசாங்கத்தின் துவக்கும் விலங்கும் சந்தித்த கதை இன்னும் பழையது. பதுளை நகரிலே புனித மாற்கு தேவாலயம் இருக்கிறது. அது மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் என்பவரின் நினைவாகக் கட்டப்பட்டது. பதுளையிலே அரசாங்க அதிகாரியாக இருந்த அந்த வீரர் 1,400க்கும் அதிகமான யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்பது பரம்பரையாக வரும் செய்தி. 1845ஆம் ஆண்டு யூன் மாதம் 7ஆம் திகதி அப்புத்தளையிலே மின்னல் தாக்கி இறந்தார். யானைகளைக் கொன்ற பாவமே மின்னலாக வந்தது என்று ஊரார் சொல்லிக்கொண்டார்கள். அந்த நியாயத்தை நான் ஏற்கவில்லை; மின்னல் பாவ புண்ணியம் பார்ப்பதில்லை. ஆனால் அந்நாளிலே யானை வயலை அழிக்கும் பிராணி என்று கருதப்பட்டதும், அதைக் கொல்பவனுக்கு அரசாங்கம் வெகுமதி கொடுத்ததும் உண்மை. எமேர்சன் தெனந்து எழுதிய குறிப்பின்படி, 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்குள் வட மாகாணத்திலே மாத்திரம் 3,500 யானைகளுக்கு வெகுமதி கொடுக்கப்பட்டது. 'தலைக்கு இவ்வளவு' என்று கணக்கு வைத்துவிட்டால், எந்த யானை குற்றவாளி, எந்த யானை நிரபராதி என்று யார் பார்ப்பார்கள்?

நாய் விஷயத்திலும் இதுவே நடந்தது. பம்பாய் நகரத்திலே 1832ஆம் ஆண்டு, தெருநாயைக் கொல்லும் பொலிஸ்காரர்களுக்கு நாயொன்றுக்கு எட்டணா வீதம் கொடுக்கப்பட்டது. கடிக்கும் நாயைப் பிடிப்பது கடினம். வாலையாட்டி வரும் வீட்டு நாயைப் பிடிப்பது எளிது. கூலியோ இரண்டுக்கும் ஒன்றே. ஆகவே வீட்டு வாசலிலே நின்ற நாய்களும் எட்டணாவுக்கு இரையாயின. நாயைப் புனிதமாகக் கருதும் பார்சி மக்கள், தங்கள் திருநாளொன்றான யூன் 6ஆம் திகதி, வீதியிலே திரண்டு பொலிஸ்காரரைத் தாக்கினார்கள். மறுநாள் கடைகள் அடைக்கப்பட்டன, துருப்புகள் அழைக்கப்பட்டன, பலர் சிறைப்பட்டனர். முடிவிலே அரசாங்கம் இறங்கி வந்தது. நாய்களைக் கொல்லாமல் வேறிடத்துக்குக் கொண்டுபோக ஏற்பாடாயிற்று. அந்த நகரத்தின் சரித்திரத்திலே முதன்முதலாக நடந்த பெரிய கலகங்களுள் ஒன்று, நாய்க்காகவே நடந்தது என்பது கவனிக்கத்தக்கது.

கூட்டம் பார்க்கிறது

காக்கிச் சட்டைக்குள்ளே இருக்கும் மனிதனின் மனத்தை உள்ளபடி எழுதிக் காட்டியவர் ஜோர்ஜ் ஓர்வெல். பர்மாவிலே பொலிஸ் அதிகாரியாக இருந்தவர். மௌல்மேன் நகரிலே மதங்கொண்ட யானையொன்று கட்டறுத்துக்கொண்டு ஒரு தொழிலாளியைக் கொன்றுவிட்டது. கதாநாயகரான அதிகாரி துவக்கோடு போகும்பொழுது யானையின் மதம் தணிந்து, அது பசுவைப்போல அமைதியாகப் புல் மேய்ந்துகொண்டிருக்கிறது. கொல்லவேண்டிய அவசியம் இல்லை என்று அவருடைய அறிவு சொல்கிறது. ஆனால் பின்னாலே ஆயிரக்கணக்கானோர் வேடிக்கை பார்க்கத் திரண்டு நிற்கிறார்கள். துவக்கோடு வந்தவர் சுடாமல் திரும்பினால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு அஞ்சியே அவர் சுடுகிறார். 1936ஆம் ஆண்டிலே வெளியான அந்தக் கட்டுரை, அதிகாரம் எவ்வாறு தன்னைத் தானே கட்டிப்போட்டுக்கொள்கிறது என்பதைச் சொல்வதிலே இணையற்றது. நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆகவேண்டும் என்பது நம் பழமொழி. காக்கி வேஷத்துக்கும் அது பொருந்தும்.

அந்தக் கட்டுரையிலே நம்மவர் மறக்கக்கூடாத செய்தி இன்னுமொன்றுண்டு. யானையால் மிதிபட்டு இறந்தவன் தென்னிந்தியாவிலிருந்து போன கூலித் தொழிலாளி. ஒரு கூலி செத்ததற்காக யானையைச் சுடலாமா, யானைதானே விலையுயர்ந்தது என்று இளைய வெள்ளைக்காரர்கள் பேசிக்கொண்டார்கள் என்று ஓர்வெல் எழுதுகிறார். விலங்கிடம் இரக்கம் காட்டுவதாகச் சொல்லி மனிதனை இகழும் இரக்கமும் உலகத்திலே உண்டு. தெருநாயின் பொருட்டுப் பேசுவோர் இந்த எச்சரிக்கையை நெஞ்சிலே வைத்துக்கொள்ளவேண்டும். நாயிடம் அன்பு என்பது, கடிபட்ட ஏழைக் குழந்தையிடம் அலட்சியம் என்று ஆகிவிடலாகாது.

தோட்டத்து மக்கள் பொலிஸ் துவக்கை நாய் மூலமாக மாத்திரம் அறிந்தவர்களல்லர். 1940ஆம் ஆண்டு சனவரி 10ஆம் திகதி, முல்லோயாத் தோட்டத்திலே வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிஸாரின் குண்டுக்குப் பலியானார். விசாரணை ஆணைக்குழு அமர்ந்தது. அதே ஆண்டிலே வேலைநிறுத்த அலை ஊவாவுக்கும் வந்தது. பதுளைக்கு அண்மையிலுள்ள வெவஸ்ஸைத் தோட்டத்திலே தொழிலாளர்கள் தமக்கென ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். 1977ஆம் ஆண்டு மே மாதத்திலே டெவன் தோட்டத்தில் சிவனு இலட்சுமணன் சுடப்பட்டு மாண்டார். மனிதரின் சாவையும் நாயின் சாவையும் ஒரே தராசிலே வைக்கிறேன் என்று யாரும் எண்ணவேண்டாம். ஆனால் துவக்கை நீட்டுமுன் கேட்கவேண்டிய கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றே: 'வேறு வழி இல்லையா?' சிறிய உயிரிடத்திலே அந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகாதவன், பெரிய உயிரிடத்திலே திடீரென்று கேட்டுவிடுவானா?

கொன்றால் தீருமா?

ஈவிரக்கத்தை ஒருபுறம் வைத்துவிட்டு வெறுங்கணக்காகவே பார்ப்போம். கொலை நோயைத் தீர்த்ததா?

சென்னை மாநகராட்சி 1860ஆம் ஆண்டிலிருந்து தெருநாய்களைக் கொன்று வந்தது. நூற்றாண்டுக்குமேல் இந்த வேலை நடந்தும், 1996ஆம் ஆண்டளவிலே நாளொன்றுக்குக் கொல்லவேண்டிய தொகை நூற்றைத் தாண்டியதேயன்றி, நாயும் குறையவில்லை, நோயும் அகலவில்லை. அந்த ஆண்டிலேதான் கொலையை விட்டுக் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் நகரம் திரும்பிற்று. கப்டன் சுந்தரம் என்பார் தொடங்கிய புளூ குரொஸ் சங்கம் 1960களிலிருந்தே இதை வற்புறுத்தி வந்தது. இந்தோனேசியாவிலே புளோரெஸ் என்னும் தீவுக்கு 1997ஆம் ஆண்டிலே மீனவர் கொண்டுவந்த நாய்கள் மூலம் நோய் புகுந்தது. இலட்சக்கணக்கான நாய்களைக் கொன்றார்கள். ஆண்டுகள் சென்றும் நோய் தீவைவிட்டுப் போகவில்லை.

காரணம் விளங்காததன்று. தெருவிலே எவ்வளவு எச்சில் இலை கிடக்கிறதோ அவ்வளவு நாய் அங்கே வாழும். இருந்ததைக் கொன்றால், அயலிலிருந்து புதியது வந்து அந்த இடத்தைப் பிடிக்கும். கொல்லப்பட்டது தடுப்பூசி போட்ட நாயாயிருந்தால், வருவது ஊசி போடாத நாய். அதாவது, நோய்க்குக் குறுக்கே நின்ற வேலியை நாமே பிடுங்கிவிட்டோம். நூறு நாயிலே எழுபதுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் கிருமிக்குத் தாவ இடமில்லாமற் போகும் என்று உலக சுகாதார அறிஞர்கள் கூறுகிறார்கள்.

இலங்கையிலே 1975ஆம் ஆண்டு தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கிற்று. நாய்க்குத் தடுப்பூசியும் மனிதனுக்குச் சிகிச்சையும் பரவலாயின. நாயைப் பிடித்துக் கொல்வதும் உடன் நடந்தது. 2006ஆம் ஆண்டிலே சனாதிபதி மகிந்த ராஜபக்சவின் அரசாங்கம் கொல்வதை நிறுத்தும் கொள்கையை மேற்கொண்டது. கொலை நின்றால் நோய் பெருகும் என்று அஞ்சினோர் பலர். நடந்ததோ வேறு. 1973இல் 377ஆக இருந்த மரணத் தொகை, அண்மைய ஆண்டுகளிலே பெரும்பாலும் இருபது, முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. அந்த இருபது, முப்பதும் இருக்கக்கூடாத மரணங்களே.

இந்தியாவின் உயர் நீதிமன்றமும் 2025ஆம் ஆண்டிலே இந்தப் பிரச்சினையோடு மல்லுக்கட்டிற்று. டெல்லித் தெருநாய்களையெல்லாம் பிடித்து அடைக்கவேண்டும் என்று ஓகஸ்து 11ஆம் திகதி கட்டளை பிறந்தது. அதே மாதம் 22ஆம் திகதி, தடுப்பூசியும் கருத்தடையும் செய்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம், விசர் பிடித்தவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடலாகாது என்று அது திருத்தப்பட்டது. பெரிய நீதிபதிகளுக்கே பதினொரு நாளிலே மனம் மாறவேண்டியிருந்த விஷயத்தை, லயத்து வாசலிலே தனியே நிற்கும் ஒரு கான்ஸ்டபிள் ஒரு நிமிஷத்திலே தீர்க்கவேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம்!

பொலிஸ்காரருக்கு வேண்டியது

அமெரிக்க நாட்டிலே பொலிஸார் வீட்டு நாய்களைச் சுட்டு, அதன்மேல் வழக்குகள் எழுந்த செய்தி பலருக்குத் தெரிந்திருக்கலாம். அங்கே நீதிமன்றங்கள், ஒருவனுடைய நாயைக் காரணமின்றிக் கொல்வது அவனுடைய உடைமையை அநியாயமாகப் பறிப்பதற்குச் சமம் என்று தீர்ப்பளித்திருக்கின்றன. ஆபத்து இருந்ததென்று அதிகாரி காட்டினால் விடுதலையும் அளிக்கின்றன. 2011ஆம் ஆண்டிலே அந்நாட்டு நீதித் திணைக்களம் பொலிஸாருக்கென ஒரு கைந்நூலை வெளியிட்டது. நாயின் வாலையும் காதையும் உடல் நிலையையும் பார்த்து அதன் எண்ணத்தை அறிவது எப்படி, கண்ணோடு கண் நோக்காமல் பக்கவாட்டிலே நிற்பது எப்படி, போர்வையாலும் சுருக்குத் தடியாலும் பிடிப்பது எப்படி என்றெல்லாம் அது கற்பிக்கிறது. 2013ஆம் ஆண்டிலே கொலராடோ மாநிலம் இத்தகைய பயிற்சியைச் சட்டமாகவே ஆக்கிற்று.

நமது பொலிஸாருக்கு நாயைப் பற்றிய அறிவு குறைவென்று சொல்வதற்கில்லை. கண்டி அஸ்கிரியவிலே பொலிஸ் திணைக்களமே நாய்ப் பண்ணை நடத்துகிறது. மோப்பம் பிடித்துக் கள்வனைக் காட்டும் நாயை அருமையாகப் பேணுகிறது. அங்குள்ள அறிவிலே ஒரு சிறு பங்கு, மலைநாட்டின் சிறிய பொலிஸ் நிலையங்களுக்கும் வந்து சேர்ந்தால் போதும். ஒரு வலை, ஒரு சுருக்குத் தடி, தடித்த கம்பளி ஒன்று, மிருக வைத்தியரின் தொலைபேசி எண், பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் எண்: இவற்றின் விலை ஒரு துவக்கின் விலையாகுமா?

நாய் உண்மையிலேயே விசர் பிடித்து மனிதர்மேல் பாயும் வேளையிலே, வேறு வழியின்றிச் சுடநேரலாம். அதை மறுப்பவன் அறிவிலி. அப்பொழுதும் சில விதிகள் உண்டு. முதலில் சனங்களை, முக்கியமாகக் குழந்தைகளை, அகற்றவேண்டும். கல்லும் தகரமும் பலகையும் நெருங்கிய லயத்திலே ஈயம் எங்கே தெறிக்கும் என்று எண்ணவேண்டும். தலையிலே சுடலாகாது, மூளையைப் பரிசோதித்தாலன்றி நோய் இருந்ததா என்று நிச்சயிக்க முடியாது. கடித்த நாய் சாதுவாக இருந்தால் கொல்லாமல் கட்டிவைத்துப் பத்து நாள் பார்க்கவேண்டும். கடித்தபொழுது அதன் உமிழ்நீரிலே கிருமி இருந்திருந்தால், பத்து நாளுக்குள் அது நோயுற்று இறந்துவிடும். உயிரோடிருந்தால் கடிபட்டவரின் மனம் ஆறும். அவசரப்பட்டுக் கொன்று புதைத்தால் சந்தேகமே மிஞ்சும்.

கடிபட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. மஞ்சளும் மிளகாயும் அப்பிக்கொண்டு, மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டு காலம் கடத்தாதீர்கள். காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் தண்ணீரிலே கால் மணி நேரம் கழுவுங்கள். அதே நாளிலே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் தாத்தாமார் பயமுறுத்தினார்களே, அந்தக் காலம் மலையேறிவிட்டது. இன்று கையிலே போடுவது சிறிய ஊசி. அதற்கு அஞ்சிப் போகாமலிருந்தவர்களே இன்றைக்கும் இறந்துகொண்டிருக்கிறார்கள்.

மணி

இந்தத் தீவை ஆண்ட எல்லாளன் என்னும் தமிழ் மன்னன், தன் படுக்கையின் தலைமாட்டிலே ஒரு மணியைக் கட்டி, அதன் கயிற்றை வெளியே தொங்கவிட்டிருந்தான் என்று மகாவம்சம் கூறுகிறது. கன்றை இழந்த பசு அந்தக் கயிற்றை இழுத்தது. குஞ்சைப் பாம்புக்குப் பறிகொடுத்த பறவையும் இழுத்தது. அரசன் எழுந்து வந்தான். பகையரசனாகிய அவனுடைய நீதியை, அவனை வென்றவர்களின் நூலே புகழ்ந்து எழுதிவைத்திருக்கிறது. அந்த மணியிலே நான் வியப்பது, கயிறு எட்டும் உயரத்திலே தொங்கியது என்பதை. பசுவின் வாய்க்கும் பறவையின் அலகுக்கும் எட்டுமாறு அதைத் தொங்கவிட ஒருவன் எண்ணியிருக்கிறான்.

கறுப்பனுக்கு அப்படியொரு கயிறு இருந்தது. அது எங்கள் நாக்கு. "யார் நாய்?" என்று கேட்ட மனிதர் பதிலுக்காகச் சிறிது நேரம் காத்து நின்றார். இன்று நினைத்துப் பார்க்கும்பொழுது, எவராவது 'எங்களுடையது' என்று சொல்லமாட்டார்களா என்று அவரும் எதிர்பார்த்திருக்கலாமோ என்று தோன்றுகிறது. சொல்லியிருந்தால் கட்டிவைத்திருக்கலாம், பத்து நாள் பார்த்திருக்கலாம். நாங்கள் சொல்லவில்லை. துவக்கின் குற்றத்திலே எங்கள் மௌனத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அப்பாயி சாகும்வரைக்கும் வேறு நாய் வளர்க்கவில்லை.

எல்லக் கடைத்தெருவிலே அந்த இளம் பொலிஸ்காரர் கேட்ட கேள்விக்குக் கடைக்காரர் என்ன சொன்னார் என்பதை இன்னும் சொல்லவில்லையே! அவர் சில்லறையை எண்ணிக்கொண்டே, நிமிர்ந்து பாராமல், "எங்கட நாய்தான், மாத்தையா. ஊசியெல்லாம் போட்டிருக்கு" என்றார். பொலிஸ்காரர் தலையசைத்துவிட்டுப் போனார். நாய் பழைய இடத்துக்கே திரும்பி வந்து படுத்துக்கொண்டது.